பாரமும் இழுவையும்

பொருள் வாங்கச் செல்வோர் ஒவ்வொருவரும் தாம் வாங்கும் பொருளைப்பற்றிக் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுண்டு. குதிரை வாங்குவோன் அதன் ஓட்டத்தைக் கேட்பான், பசு வாங்குவோன் அது கறக்கும் பாலைக் கேட்பான், பாரம் இழுக்கும் வண்டி வாங்குவோன், "இஃது எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்பான். இக்கேள்வி பிழையானதன்று. ஆயினும், இஃதொன்றையே கேட்டு வண்டி வாங்குவோன் கணக்கிற் பாதியையே பார்த்தவனாவான் என்பதை எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு துன்பத்தின் வாயிலாக யான் கற்றுக்கொண்டேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் ஒருவன் டிராக்டரைப்பற்றி எழுதப் புகுவது நேயர்கள் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். அவர்கள் இதனை முற்றும் படித்த பின்னர் நகைக்குமாறு வேண்டுகின்றேன்.

எங்கள் ஊர் கரும்பு விளையும் ஊர். ஆலையில் அரைவை தொடங்கிவிட்டால் வெட்டும் ஆட்களும், கட்டும் பெண்களும், ஏற்றிச் செல்லும் வண்டிகளுமாகக் கழனிகளெல்லாம் திருவிழாப்போல் விளங்கும். என் தந்தையாரிடம் 35 குதிரைச்சக்தியுள்ள பழைய டிராக்டர் ஒன்றும், இரு சக்கர டிரெய்லர் ஒன்றும் இருந்தன. எங்கள் கரும்பை மட்டுமன்றி அண்டை நிலத்தார் கரும்பையும் ஆலைக்குக் கொண்டுசேர்த்து, அக்கூலியினாற் குடும்பம் நடந்துவந்தது. வண்டியை ஓட்டுபவர் என் அண்ணன். அவர் பள்ளிப் படிப்போடு நின்று கழனியை மேற்கொண்டமையாலேயே யான் கல்லூரி காண முடிந்தது.

எங்கள் கழனிக்கும் ஆலைச் சாலைக்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடுகின்றது. அதன் கரைமீதுதான் சாலை. கழனியிலிருந்து அக்கரைமீது ஏறுதற்கு ஒரு மண்மேடு உண்டு. ஏற்றிய வண்டியைத் தொலைவிலிருந்தே விரைவாக ஓட்டிவந்து, அவ்வோட்டத்திலேயே மேட்டின்மீது ஏற்றிவிடுவது அண்ணனுடைய வழக்கம். "நம்ம வண்டிக்கு இந்த மேடெல்லாம் ஒரு பொருட்டா?" என்று அவர் பெருமிதத்தோடு கூறுவார். யாங்களும் அங்ஙனமே நம்பியிருந்தோம்.

2024 ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். அன்று மாலை ரெயிலுக்கு அண்ணனே என்னைக் கொண்டுவிடுவதாக ஏற்பாடு. கழனியில் எட்டு டன்னளவு கரும்பு வெட்டிக் கிடந்தது. வழக்கமாக ஏற்றுவது ஐந்து டன். ஆதலின் இரண்டு நடை போகவேண்டும். ஆலை வாயிலில் வண்டிகள் காத்துநிற்கும் வரிசையை நினைந்து யான் பொறுமையிழந்தேன். "அண்ணா, எல்லாவற்றையும் ஒரே நடையாக ஏற்றிவிட்டால் என்ன? இல்லாவிட்டால் ரெயில் தவறிவிடும்" என்றேன். அண்ணன் சற்று நேரம் தயங்கினார். பின்பு என் முகத்தைப் பார்த்து இசைந்தார். மிகுதிக் கட்டுக்களைத் தூக்கிக் கொடுத்தவனும் யானே. முன்பக்கம் நிறைந்துவிட்டமையால் அவற்றை டிரெய்லரின் பின்புறத்தில் வெளியே நீளும்படி அடுக்கிக் கயிறிட்டோம்.

அன்று வாய்க்கால் நீர் கசிந்து மேடு ஈரமாயிருந்தது. வண்டி விரைந்து வந்து பாதிக்குமேல் ஏறியது, பின்னர் நின்றது. என்ஜின் முழங்கிக்கொண்டேயிருக்கப் பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் வீணே சுழன்றன. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். அழுத்திய பின்னும் வண்டி கீழ்நோக்கி வழுக்கியது. டிரெய்லர் ஒருபுறம் திரும்பி டிராக்டரைத் தன்னோடு இழுத்துச் சாய்த்தது. கரும்பு முழுவதும் வாய்க்காலில். டிராக்டர் ஒருக்களித்துக் கரையில். அண்ணன் கால் மட்கார்டின் அடியில். அன்று யான் ரெயிலில் ஏறவில்லை. மருத்துவமனையின் திண்ணையில் இரவு முழுதும் அமர்ந்திருந்தேன். உயிர்க்கு ஊறின்றிக் காத்த ஆண்டவரைத் துதித்தோம். எனினும் அண்ணன் நான்கு திங்கள் எழுந்து நடவாதிருந்தார். அந்நான்கு திங்களில் ஒரு நாளேனும் அவர் என்னைக் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதலாயிருந்திருக்கும்.

பழைய வண்டி பழுதுபார்த்தற்கும் உதவாததாயிற்று. அடுத்த அரைவைக்குமுன் கடன்பெற்றேனும் வேறொன்று வாங்கவேண்டியதாயிற்று. தந்தையார் கடைகளில் விசாரித்து, விளம்பரப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். ஒரு கடைக்காரர், "ஐம்பது குதிரைச்சக்தி ஐயா! மலையையே இழுக்கும்" என்று கூறினாராம். தந்தையார்க்கு அவ்வார்த்தை பிடித்துவிட்டது. அண்ணனோ ஒன்றும் கூறாது அப்புத்தகங்களை என்னிடம் நீட்டி, "தம்பி, நீயே பார்த்துச் சொல்" என்றார். அவர் என்னைத் தண்டிக்க எண்ணி அங்ஙனம் கூறினாரல்லர். படித்தவன் என்று நம்பிக் கூறினார். அந்நம்பிக்கையே எனக்குத் தண்டனையாயிற்று.

விடுதிக்குத் திரும்பியதும் பௌதிக வகுப்பு மாணவராகிய நண்பர் ஒருவரிடம் புத்தகங்களைக் காட்டினேன். அவர் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேட்டின் உயரம் என்ன? நீளம் என்ன? வண்டியின் எடை என்ன?" என்று கேட்டார். ஒன்றற்கும் எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த விடுமுறையிற் கொத்தனாரிடம் மட்டக்குழாயை இரவல் வாங்கி மேட்டை அளந்தேன்: 40 அடி நீளத்தில் 5 அடி உயரம். எட்டுக்கு ஒன்று என்னும் ஏற்றம். இவ்வளவையும் எடைகளையும் கொண்டு நண்பர் எனக்குக் கற்பித்ததை இங்குச் சுருங்கக் கூறுகின்றேன்.

குதிரைச்சக்தி என்பது இழுக்கும் வலிமையின் அளவன்று. வேலை செய்யும் விரைவின் அளவு. நிமிடத்திற்கு 33,000 இராத்தல் எடையை ஓரடி உயர்த்தும் விரைவை ஒரு குதிரைச்சக்தி என ஜேம்ஸ் வாட் வகுத்தார். மெட்ரிக் முறையிற் கூறின், நொடிக்கு 75 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் விரைவாகும். ஆகவே ஐம்பது குதிரைச்சக்தி கொண்ட என்ஜின், இடையில் நேரும் இழப்புக்களைக் கருதாவிடத்து, நொடிக்கு ஒரு மீட்டர் செல்லும்போது 3,750 கிலோ விசையோடு இழுக்கும். ஐந்து மீட்டர் செல்லும்போது 750 கிலோ விசையே தரும். மெதுவான கியரில் வைத்தால் சிறிய என்ஜினும் பெரும் பாரத்தை இழுக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் எங்கள் வண்டி ஏன் நின்றது? இங்கேதான் நண்பர் என் கண்ணைத் திறந்தார். "என்ஜின் நின்றதா, சக்கரம் சுழன்றதா?" என்று கேட்டார். "சக்கரம் சுழன்றது" என்றேன். "அப்படியானால் என்ஜினுக்கு வலிமை குறையவில்லை; மண்ணைப் பற்றுதற்குச் சக்கரத்திற்குத்தான் வலிமை இல்லை" என்றார்.

டிராக்டரின் எடை 1,800 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 1,200 கிலோ, பின்சக்கரங்களின்மீது நிற்கும். ஈரமண்ணிற் சக்கரம் பற்றியிழுக்கும் விசை தன்மேல் நிற்கும் எடையிற் பாதியளவே எனக் கொண்டால், எங்கட்குக் கிடைத்தது 600 கிலோ. தேவைப்பட்டதோ? டிரெய்லர் 1,500 கிலோ, கரும்பு 8,000, டிராக்டர் 1,800. ஆக 11,300 கிலோ. எட்டுக்கு ஒன்று ஏற்றத்தில் அதன் எட்டிலொரு பங்கு, அஃதாவது 1,400 கிலோவுக்குச் சற்று மேல், கீழ்நோக்கி இழுக்கும். டிரெய்லரின் சக்கரங்கள் மண்ணில் உருளுதற்கு ஆகும் தடை மேலும் 475 கிலோ. ஏறக்குறைய 1,900 கிலோ வேண்டிய இடத்தில் 600 இருந்தது. ஐம்பது குதிரைச்சக்தி அன்று, நூறு இருந்திருப்பினும் சக்கரங்கள் இன்னும் விரைவாகச் சுழன்றிருக்குமேயன்றி வண்டி ஏறியிராது.

"அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எப்படி ஏறியது?" என்று வினவினேன். ஐந்து டன் ஏற்றியபோதும், மண் உலர்ந்திருந்தபோதும், குறை சிறிதாயிருந்தது; அண்ணன் ஓட்டிவந்த வேகம் அக்குறையை நிரப்பியது. எட்டு டன்னுக்கு அவ்வேகம் பாதி மேட்டிற்கே போதியதாயிற்று. வேகம் கொடுத்த கடனை யாங்கள் வண்டியின் சொத்தென்று எண்ணியிருந்தோம். அதனினும் கொடியது இன்னொன்று. பெரும்பாலான டிராக்டர்களுக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. எங்கள் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை. மேட்டில் நின்றுவிட்ட வண்டியைக் கீழே நழுவாமற் பிடித்துநிறுத்த, உருளும் தடையைக் கழித்த பின்னும், 900 கிலோவுக்கு மேற்பட்ட பிடிப்பு வேண்டியிருந்தது. அதற்கும் இருந்தது அதே 600 தான். எனவே, அண்ணன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினும் பயனில்லை.

கடைசியாக நண்பர் கூறியது என்னை மிகவும் வருத்திற்று. இரு சக்கர டிரெய்லரில் ஏற்றும் பாரத்தில் ஒரு பங்கு கொக்கியின்மீது அழுந்துமாறு அடுக்கவேண்டும். அது டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்திப் பிடிப்பைப் பெருக்கும். பாரத்தைப் பின்னே நீள அடுக்கினால் கொக்கி மேல்நோக்கி எழும்பி, உள்ள பிடிப்பையும் குறைத்துவிடும். ஏற்றத்தில் இக்குற்றம் பின்னும் மிகும். பின்புறத்தில் அடுக்கியது யான் அல்லனோ? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அமெரிக்க நாட்டில் வீட்டுவண்டியும் படகும் இழுத்துச் செல்லுதற்குப் பிக்கப் என்னும் வண்டிகளைப் பெரிதும் பயன்படுத்துவர். அங்கும் முன்னாளில் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பியவாறே இழுவை அளவைக் கூறிவந்தது. வாகனப் பொறியாளர் சங்கத்தார் 2008 ஆம் ஆண்டில் ஜே2807 என்னும் பொதுவிதியை வெளியிட்டனர். அரிசோனா மாகாணத்தில், கொலராடோ ஆற்றின்மீதுள்ள டேவிஸ் அணைக்கருகே 11.4 மைல் நீளமுள்ள ஏற்றம் ஒன்றுண்டு. கோடை வெயிலில், வண்டிக்குள் குளிர்பொறியை முழுதும் இயக்கிக்கொண்டு, பாரத்தோடு அவ்வேற்றத்தில் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறுதல் வேண்டும் என்பது பின்புறம் இரட்டைச் சக்கரமில்லாத வண்டிகளுக்கு அவ்விதி வகுத்த சோதனைகளுள் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டு ஏற்றமுள்ள சரிவில் நின்ற நிலையிலிருந்து மீண்டும் மீண்டும் புறப்பட்டுக் காட்டுதல் மற்றொன்று. ஓடிவந்து ஏறுவதில் வலிமை வெளிப்படாது; நின்று புறப்படுவதிலேயே வெளிப்படும் என்பதை அப்பொறியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அங்குள்ளோர் இடறி விழும் இடமும் ஒன்றுண்டு. பத்தாயிரம் இராத்தல் டிரெய்லரை இழுக்கும்போது அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, அஃதாவது ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு இராத்தல், கொக்கியின்மீது நிற்றல் வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். அவ்வெடை முழுவதும் வண்டி தாங்கக்கூடிய சுமையின் கணக்கிற் சேரும். மனைவி மக்களும் மூட்டைகளும் ஏறியபின் அத்தனை சுமைக்கு இடமிராது. "பத்தாயிரம் இழுக்கும்" என்று கூறிய அதே வண்டி, அக்குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவ்வளவை இழுத்தற்குரியதாகாது. இழுவைக்கு ஓர் எல்லை, சுமைக்கு ஓர் எல்லை, அச்சுக்கு ஓர் எல்லை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஓர் எல்லை. இவற்றுள் எது முதலில் வந்து முட்டுகின்றதோ அதுவே அவ்வண்டியின் மெய்யான வலிமை.

இவற்றையெல்லாம் அறிந்தபின் யான் நாள்தோறும் பயின்ற நூல்கள் எனக்குப் புதிய பொருளைத் தந்தன. திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் நம் வலிமையை மட்டும் கூறி நிறுத்தவில்லை. செய்யும் செயலின் வலிமையையும், எதிர்நிற்பதன் வலிமையையும், துணையின் வலிமையையும் உடன் வைத்துத் தூக்கிப்பார்க்கச் சொல்கின்றார். எங்கட்குச் செயல் எட்டு டன், எதிர்நின்றது மேடு, துணை, பிரேக்கில்லாத டிரெய்லர். யாங்கள் பார்த்தது என்ஜினை மட்டுமே. புறநானூற்றின் 102 ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டிச்செல்லும் சேமவச்சுக்கு ஒப்பிடுகின்றார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று அஞ்சி, மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட அவ்வணிகர் எங்களினும் அறிவுடையர். விவிலிய நூலும், கோபுரம் கட்டத் தொடங்குபவன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்னும் உவமையை நம் ஆண்டவரின் வாய்மொழியாக உரைக்கின்றதன்றோ? இவை யாவும் யான் தேர்வுக்காக நெட்டுருச் செய்தவை. மேட்டின் அடியில் நின்றபோது ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை.

விடுமுறையில் தந்தையாரிடமும் அண்ணனிடமும் கணக்குத் தாளை விரித்துக் காட்டினேன். ஐம்பது குதிரைச்சக்தி வேண்டாம், நாற்பத்தைந்தே போதும், ஆனால் எடை 2,100 கிலோவேனும் இருக்கவேண்டும், மிச்சமாகும் பணத்திற்குப் பட்டறையில் பிரேக் பொருத்திய டிரெய்லர் செய்விக்கவேண்டும் என்றேன். தந்தையார் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். பின்பு, "எல்லாம் சரி, தம்பி. அந்த மேடு அப்படியே இருக்குமா?" என்று வினவினார். அக்கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. வலிமையைப் பெருக்குவதையே எண்ணியிருந்த எனக்கு, ஏற்றத்தைக் குறைக்கலாம் என்பது படிப்பில்லாத என் தந்தையாராற் புலனாயிற்று.

மேட்டை 40 அடியிலிருந்து 100 அடியாக நீட்டினால் ஏற்றம் இருபதுக்கு ஒன்றாகும். அதற்கு எங்கள் கழனியில் மூன்று சென்ட் நிலம் போகும். தந்தையார் சிறிதும் தயங்கவில்லை. கரும்பு நின்ற அந்நிலத்தை வெட்டி மண்ணிட்டுக் கெட்டித்தோம். இப்பொழுது ஐந்து டன் ஏற்றிய வண்டி ஏறுதற்கு வேண்டுவது 755 கிலோ விசை. பாரத்தை முறையாக அடுக்கிக் கொக்கியில் 600 கிலோ அழுந்தச் செய்தால் ஈரமண்ணிலும் ஏறக்குறைய 1,000 கிலோ பிடிப்பு உண்டு. வண்டி ஓடிவர வேண்டியதில்லை. நடுமேட்டில் நின்றாலும் மீண்டும் புறப்படும்.

புது வண்டி வந்த பின்பும் அண்ணன் பல நாள் அதன்மேல் ஏறவில்லை. கூலிக்கு ஓர் ஆள் ஓட்டினார். 2025 ஆம் ஆண்டு பொங்கலுக்கு யான் சென்றிருந்தபோது, ஏற்றிய வண்டி மேட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் சற்றே காலைச் சாய்த்து நடந்துவந்து, டிரெய்லரை ஒருமுறை சுற்றிப்பார்த்தார், கொக்கியை அசைத்துப்பார்த்தார், பின் இருக்கையில் ஏறினார். என்னை நோக்கி, "நீ முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வா. சக்கரத்தின் பின்னால் வராதே" என்றார். முட்டுக்கட்டை என்னும் சொல்லை இக்காலத்தார் இடையூறு என்னும் இழிபொருளிலேயே வழங்குகின்றனர். அன்று அக்கட்டையைக் கையில் ஏந்தி நடந்தபோது, அதனினும் நல்ல சொல் தமிழில் இல்லையென எனக்குத் தோன்றியது.

நடுமேட்டில் அண்ணன் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார். யான் கட்டையைச் சக்கரத்தடியில் இட்டேன். வண்டி அசையவில்லை. அவர் மெல்லக் கியரை மாற்றினார். சக்கரங்கள் மண்ணைப் பற்றின. வண்டி நிதானமாக மேலேறிச் சாலையை அடைந்தது. மேலே சென்றதும் அவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் மூன்று டன் கிடக்கிறது. ரெயிலுக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நாளைய ரெயிலில் போகிறேன், அண்ணா" என்றேன்.